பால்வாடி டீச்சருக்கு எதுக்குப் பட்டம்?

ஜூன் பிறந்தால் திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டியிலும் இருந்து சில பிள்ளைகள் மழலையர் கல்வி, குழந்தை வளர்ச்சி என்ற பாடங்களில் சேர்கிறார்கள். நர்சிங் கிடைக்கவில்லை, பி.காம். கிடைக்கவில்லை, கடைசியில் இது கிடைத்தது என்று வருகிறவர்களை என் வகுப்புகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த வழியாக வந்தாலும், வந்து சேர்ந்த இடம் பெரியது. இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில், முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. வீட்டிலேயே முதல் கேள்வி வரும். சித்தப்பாவோ அத்தையோ கேட்பார்கள்: "பால்வாடி டீச்சருக்கு எதுக்கும்மா பட்டம்? புள்ளைங்கள ஆட்டிவிட்டு, சோறு ஊட்டித் தூங்கவைக்க யாருக்குத்தான் தெரியாது?" கோபப்படாதீர்கள். அவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

இரண்டரை வயதாகியும் ஒரு குழந்தை பேசவில்லை. வீட்டில் எல்லோரும், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனான்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். பயிற்சி பெற்றவள் அந்தக் குழந்தையின் பின்னால் நின்று தட்டை ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறாள், திரும்புகிறதா என்று. பெயர் சொன்னால் கண்ணைப் பார்க்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, இன்னொரு குழந்தை அழுதால் அந்தப் பக்கம் பார்க்கிறதா என்று கவனிக்கிறாள். சந்தேகம் இருந்தால் அந்த மாதமே அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறாள். காது கேளாத குழந்தைக்கு இரண்டு வயதில் கிடைக்கும் உதவியும் ஆறு வயதில் கிடைக்கும் உதவியும் ஒன்றல்ல. மூளையின் அளவு ஆறு வயதுக்குள் பெரியவர்களுடையதில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. மற்றவர்கள் பார்த்தும் பார்க்காததை நீங்கள் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பட்டம்.

2. என்ன படிப்பில் சேர்கிறோம் என்று பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் துறையில் வழிகள் பல. மனையியல் இளங்கலையில் குழந்தை வளர்ச்சி ஒரு பெரிய பகுதி. நம் பக்கத்தில் காந்திகிராமத்தில் மனையியல் துறை இருக்கிறது, கோவைக்குப் போகிறவர்களுக்கு அவினாசிலிங்கம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் குழந்தைப்பருவப் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயம் உண்டு. மாண்டிசோரிப் பயிற்சி தனி. பி.எட். முடித்தவர்கள் உயர்நிலை வகுப்புகளுக்கான பயிற்சி பெற்றவர்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தப் பயிற்சி போதாது. 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதல் எட்டு வயது வரை ஒரே அடித்தளக் கட்டமாக வைத்தது. அந்தக் கொள்கையைப் பற்றி நம் மாநிலத்தில் எத்தனையோ வாதங்கள் உண்டு. ஆனால் மழலையர் வகுப்பும் ஒன்றாம் இரண்டாம் வகுப்பும் ஒரே தொடர்ச்சி என்பதைக் குழந்தைகளோடு இருந்தவர் எவரும் மறுக்க மாட்டார்கள்.

கடைக்கு மேல் மாடியில் போர்டு மாட்டி, சில மாதங்களில் சான்றிதழ் என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழை யார் ஏற்கிறார்கள்? குழந்தைகளோடு நேராக இருக்கும் பயிற்சி எத்தனை நாள்? வளாகத்திலேயே குழந்தைகள் பள்ளி இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அந்தப் படிப்பின் பாதியை நீங்களே தேடிப் போய்க் கற்க வேண்டியிருக்கும்.

3. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இந்தப் படிப்பு முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த நோட்டுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பயிற்சிக்குப் போகும் நாளில் ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். பேசாதீர்கள், உதவாதீர்கள், சிரித்துக் கவனத்தைத் திருப்பாதீர்கள். கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். முதல் நாள் எல்லோரும் எழுதுவது இப்படி இருக்கும்: "சுட்டியான பையன். கவனம் இல்லை. பிடிவாதம்." இதில் குழந்தை எங்கே இருக்கிறது? எழுதியவரின் அபிப்பிராயம்தான் இருக்கிறது. அதே பையனை இப்படி எழுதிப் பாருங்கள்: "10.20. டம்ளரில் மணல் நிரப்பினான். கவிழ்த்தான். உடைந்தது. மறுபடி நிரப்பினான். உடைந்தது. எழுந்து போய்க் குழாயடியில் கையை நனைத்துவந்தான். ஈரக் கையால் மணலைப் பிசைந்தான். நிரப்பிக் கவிழ்த்தான். நின்றது. பக்கத்துப் பெண்ணின் தோளைத் தட்டிக் காட்டினான். 10.29."

ஒன்பது நிமிடம் ஒரே வேலையில் இருந்திருக்கிறான். உலர்ந்த மணல் நிற்காது, ஈர மணல் நிற்கும் என்று தானே கண்டுபிடித்திருக்கிறான். கண்டதைப் பகிர ஆள் தேடியிருக்கிறான். இவனையா கவனம் இல்லாதவன் என்று எழுதினோம்? குழாயடிக்கு எழுந்து போன அந்த நொடியில் "உட்காருடா" என்று யாராவது அதட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிப் பார்த்துப் பார்த்தே ஒரு கல்விமுறையை எழுப்பியவர் மரியா மாண்டிசோரி. அவர் பெயர் உங்கள் பாடத்தில் முதல் பருவத்திலேயே வரும். ஆனால் நம் மாவட்டத்துக்கும் அவருக்கும் உள்ள உறவைப் பாடநூல் சொல்லாது. 1939 நவம்பரில் அவர் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவருடைய மகன் மரியோவை முகாமில் அடைத்தது. அம்மையாருக்கும் கட்டுப்பாடு விதித்தது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளான 1940 ஆகஸ்ட் 31 அன்று மகனை விடுவித்தார்கள். ஆனாலும் போர் முடியும்வரை ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை இருவரும் இருந்தது நம் கோடைக்கானலில். அப்போது அது மதுரை மாவட்டம். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைக் கொண்ட ஒரு சிறிய பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன உடனிருந்து உதவினார். செடி, பூச்சி, ஓடை, பாறை என்று பிள்ளைகள் மலையில் தேடிக் கேட்டவற்றைப் பார்த்துத்தான், ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பிரபஞ்சக் கல்வி என்ற திட்டத்தை அவர் விரிவாக்கினார். எழுபது வயதைத் தாண்டி, அந்நிய நாட்டில், கட்டுப்பாட்டில் இருந்தபடி, இன்னும் குழந்தைகளைப் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். உங்களுக்கு வயது இருபது. நோட்டை எடுக்க என்ன தயக்கம்?

4. தரையில் உட்காருங்கள். நாற்காலியில் இருந்து பார்த்தால் குழந்தைகளின் உச்சந்தலைதான் தெரியும். சேலையோ சுடிதாரோ, உட்கார்ந்து எழ வசதியாக உடுத்துங்கள். ஊக்கு குத்தாதீர்கள், தூக்கும்போது குழந்தைக்குக் குத்தும்.

5. "எப்ப மிஸ் எழுத வைப்பீங்க?" இந்தக் கேள்வி உங்களை வேலைக்காலம் முழுவதும் துரத்தும். மில்லுக்கு விடியற்காலை ஷிப்ட் போகும் அம்மா, சின்னாளபட்டியில் சுங்குடி சாயம் தோய்க்கும் அப்பா, ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் எல்லோரும் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். தாங்கள் எழுதப் படிக்க முடியாமல் பட்ட பாட்டைப் பிள்ளை படக்கூடாது என்ற தவிப்பு அது. ஆனால் தவிப்புக்குப் பணிந்து மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிக்காதீர்கள்.

காரணத்தைத் தெரிந்துவைத்திருங்கள், கேட்டால் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவை எலும்பாகவே இருப்பதில்லை, குருத்தெலும்புதான். மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் மூன்று போலத்தான் தெரியும். மற்றவை ஒவ்வொன்றாகத் திரண்டு முடியப் பத்து வயதைத் தாண்டிவிடும். தோள், முழங்கை, உள்ளங்கை என்று வலு ஏறி, கடைசியில்தான் விரல்நுனிக்கு வரும். வலு வருவதற்கு முன்னால் எழுத வைத்தால் குழந்தை பென்சிலை முஷ்டியால் பிடிக்கும். அந்தப் பிடியை மாற்ற ஒன்றாம் வகுப்பு ஆசிரியை படாத பாடு படுவார்.

அதற்குப் பதில் என்ன செய்வது? களிமண் பிசையட்டும். நிலக்கடலை உரிக்கட்டும். ஈரத்துணி பிழியட்டும். கோலமாவைக் கிள்ளி எடுத்து விரலிடுக்கில் விடட்டும். நான்கு வயதுக்கு மேல் பல்லாங்குழி வையுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது ஒன்றுக்கு ஒன்று என்ற எண்ணின் அடிப்படையும் விரல்நுனிப் பிடியும் சேர்ந்தே வருகின்றன. ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் இருக்கும் அறையில் கடலை, புளியங்கொட்டை, சோழி எதுவும் வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கினால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். சிக்கினால் செய்ய வேண்டிய முதலுதவியை முதல் ஆண்டிலேயே செய்து பழகுங்கள்.

பெற்றோரிடம் வாதம் செய்து வென்றவரை நான் பார்த்ததில்லை. மாதம் ஒருநாள் சாயங்காலம் அவர்களைக் கூப்பிட்டுக் குழந்தைகளோடு தரையில் உட்கார வையுங்கள். களிமண்ணை அவர்கள் கையிலும் கொடுங்கள். பிள்ளை என்ன செய்கிறது, அதில் எழுத்துக்கு எது வழி போடுகிறது என்று நோட்டைப் பார்த்து அவரவர் பிள்ளையைப் பற்றியே சொல்லுங்கள். தன் பிள்ளையைப் பற்றி இவ்வளவு கவனித்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால், பொறுமையாக இருக்க அம்மா சம்மதிப்பாள்.

6. அங்கன்வாடிக்குப் பயிற்சிக்குப் போகும்போது பட்டத்தைப் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே இருக்கும் பணியாளர் உங்களைவிடக் குறைவாகப் படித்திருக்கலாம். ஆனால் தெருவில் எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் அப்பா குடிக்கிறார், எந்தக் குழந்தை திங்கட்கிழமை பசியோடு வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரை "அக்கா" என்று கூப்பிடுங்கள். எடை போட, சத்துமாவு கணக்கு எழுத, அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொன்றைக் கவனிக்க அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

எடை போடுவதைக் குமாஸ்தா வேலை என்று நினைக்காதீர்கள். 1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் தொடங்கியது நமக்கு அடுத்த கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். மாதாமாதம் எடை பார்த்து, ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் கூடுதல் உணவு என்ற முறையை உலகம் கவனித்தது. மேல்கைச் சுற்றளவு நாடாவைப் பிடிக்கப் பழகுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவலை, 11.5க்குக் குறைந்தால் உடனே மருத்துவமனை. கதை சொல்லும்போது தூங்கி விழும் குழந்தைக்குக் கதை பிடிக்கவில்லை என்று முடிவு கட்டும் முன் அதன் கையை அளந்து பாருங்கள்.

7. வகுப்பில் எந்தெந்த மொழிகள் இருக்கின்றன என்று முதல் வாரமே கணக்கெடுங்கள். பேகம்பூர்ப் பக்கம் வீட்டில் உருது. நாகல்நகரில் சௌராஷ்டிரம். சின்னாளபட்டி நெசவாளர் வீடுகளில் கன்னடமும் தெலுங்கும் கேட்கும். வேடசந்தூர், வடமதுரைப் பக்க நூற்பாலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது நம் அங்கன்வாடிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிய மொழிக்குள் வரும் குழந்தை சில வாரம், சில சமயம் சில மாதம்கூட, வாயே திறக்காது. அது கேட்டுக்கொண்டிருக்கிறது. "ஊமையா?" என்று யாரும் கேட்க விடாதீர்கள். தண்ணீர், சோறு, வலி, அம்மா, சிறுநீர் இந்த ஐந்துக்கும் அந்தக் குழந்தையின் மொழியில் என்ன சொல் என்று அதன் அம்மாவிடம் கேட்டு எழுதி ஒட்டிவையுங்கள். மிச்சம் தானாக வரும்.

8. முன்னே போனவர்களைப் படியுங்கள். ஃப்ரோபெல், பியாஜே, வைகாட்ஸ்கி பற்றித் தேர்வில் கேட்பார்கள், படித்துத்தான் ஆக வேண்டும். அதோடு நம் ஆட்களையும் படியுங்கள். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920இல் பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா. அவருடைய 'பகல் கனவு' தமிழில் கிடைக்கிறது. அவரோடு சேர்ந்து உழைத்து, பிறகு பழங்குடிக் குடிசைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோன தாராபாய் மோடக். மருத்துவம் படித்துவிட்டு 1947இல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், இளம் வயதில் விதவையானவர், நம் திண்டுக்கல்லில் இருந்து 1962இல் மக்களவைக்குப் போய்க் கல்வித் துணை அமைச்சராக இருந்தவர்.

இன்னொருவர் மீனா சுவாமிநாதன். எழுத்தாளர் கிருத்திகாவின் மகள். கட்டடத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக டெல்லியில் தொடங்கிய நடமாடும் காப்பகங்களோடு உழைத்தவர். பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1972இல் வந்த அந்த அறிக்கை போட்ட வழியில்தான் 1975 அக்டோபர் 2 அன்று, 33 ஒன்றியங்களில், இன்று நாடு முழுதும் உள்ள அங்கன்வாடித் திட்டம் பிறந்தது. உணவும் மருத்துவமும் விளையாட்டும் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்று ஒரு பெண் அறிக்கை எழுதினார், நாட்டின் திட்டமாயிற்று. பால்வாடி வேலை சின்ன வேலை என்கிறவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

9. பாட்டிகளிடம் போய்ப் பாட்டும் கதையும் சேகரியுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். சிறுமலை அடிவாரத்துப் பாட்டி சொல்லும் கதை எந்த ஆங்கில ரைம்ஸ் புத்தகத்திலும் கிடைக்காது.

10. அடிக்காதீர்கள். கிள்ளாதீர்கள். இருட்டறை, பூச்சாண்டி, ஊசி என்று பயமுறுத்தாதீர்கள். சிறுநீர் கழித்துவிட்ட குழந்தையை மற்றவர்கள் முன்னால் நிறுத்தாதீர்கள். இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

11. ஆண் பிள்ளைகளும் இந்தப் படிப்புக்கு வாருங்கள். மழலையர் அறையில் ஓர் ஆண் தரையில் உட்கார்ந்து தலை வாரிவிடுவதைப் பார்த்து வளரும் பையன் பின்னாளில் வேறு மாதிரி அப்பாவாக இருப்பான் என்று நான் நம்புகிறேன்.

12. சம்பளத்தைப் பற்றி யாரும் உங்களிடம் உண்மை பேச மாட்டார்கள். நான் பேசுகிறேன். தனியார் நர்சரிகளில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் மிகக் குறைவு. மனசு உடைந்து இரண்டு ஆண்டில் துறையை விட்டுப் போன கெட்டிக்காரப் பெண்கள் எத்தனையோ பேர். அது அவர்கள் குற்றமில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சமுதாயம் வைத்திருக்கும் விலை அது. சேவை என்று சொல்லி உங்களைக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்ள வைக்க விடாதீர்கள்.

அதனால் நர்சரியைத் தவிர வேறு என்ன வழி என்று இப்போதே பாருங்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மேற்பார்வையாளர் பணி, சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி, தொடக்கநிலை இடையீட்டு மையங்கள். 2019 ஜனவரியில் தமிழக அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது, மழலையர் கல்விக்கென்றே படித்தவர்கள் அங்கே வேண்டும் என்ற கோரிக்கையை நீங்கள்தான் எழுப்ப வேண்டும்.

நம் மாவட்டத்துக்கென்றே இன்னொரு வழி உண்டு, நூற்பாலைகள். முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று, 1976இல் திருத்தப்பட்ட 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 2017இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கினார்கள். பல இடங்களில் காப்பகம் என்பது ஒரு தொட்டிலும் ஓர் ஆயாவும்தான். நீங்கள் நான்கு பேர் சேர்ந்து, எத்தனை குழந்தைக்கு எத்தனை ஆள், என்ன உணவு, என்ன விளையாட்டு என்று ஒரு திட்டம் எழுதிக்கொண்டு ஆலையின் மனிதவள அதிகாரியைப் போய்ப் பாருங்கள். குழந்தை நல்ல கையில் இருந்தால் அம்மா வேலையை விடமாட்டாள் என்பது அவருக்கும் லாபக்கணக்கு.

13. வேலையில் சேர்ந்ததும் வரும் முதல் ஜூனுக்குத் தயாராக இருங்கள். முதல் நாள் அறை முழுக்க அழுகை. உங்களுக்கும் அழுகை வரும். அம்மாவைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டுக் குழந்தையின் கவனத்தைத் திருப்பலாம் என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். செய்யாதீர்கள். கண்ணைத் திருப்பினால் அம்மா காணாமல் போவாள் என்று ஒருமுறை கற்றுக்கொண்ட குழந்தை அதன் பிறகு கண்ணைத் திருப்பவே பயப்படும். அம்மா கண் முன்னால், சொல்லிவிட்டு, கையசைத்துவிட்டுப் போகட்டும். அழட்டும், நீங்கள் மடியில் வைத்துக்கொண்டிருங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். வீட்டில் இருந்து ஒரு துணியோ பொம்மையோ கொண்டுவந்தால் பிடுங்காதீர்கள். "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டால் "இதோ வந்துடுவாங்க" என்று சொல்லாதீர்கள், அந்தக் குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "சாப்பிட்டு, கதை கேட்டு, தூங்கி எழுந்ததும் வருவாங்க" என்று சொல்லுங்கள். தூங்கி எழும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும்படி அம்மாவிடம் காலையிலேயே பேசிவையுங்கள். ஷிப்ட் முடியத் தாமதமாகும் அம்மாவாக இருந்தால் யார் வருவார்கள் என்று கேட்டு, அவர் பெயரையே குழந்தையிடம் சொல்லுங்கள்.